ஒரு படி தவிடு

திருச்செல்வம் தன் கைப்பேசியை அந்த அதிகாரியிடம் நீட்டியபோது தனலெட்சுமி அடுப்படியில் மைலோ பானம் கலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

"இதைப் பாருங்க மேடம். பிள்ளைய நாங்க முறைப்படிதான் வாங்கினோம்."

வாங்கினோம்!

தனலெட்சுமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சமூக நல இலாகாவிலிருந்து வந்திருந்த ஷஹீரா, நறுக்கென்று தமிழ் பேசுகிற, எளிதில் சிரிக்காத பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜொகூரின் மாசாயில் அவர்களுடைய வீட்டுக்கு அவள் வருவது இது மூன்றாவது முறை. இரண்டரை வயது லோஷினியை இவர்கள் தத்தெடுக்கலாமா என்று நீதிபதி முடிவு செய்வதற்குமுன், வீட்டைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்க நீதிமன்றம் அவளைத்தான் நியமித்திருந்தது. வழக்குக்கு இன்னும் மூன்று வாரம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தனலெட்சுமி ஒட்டியிருந்த மருந்து அட்டவணையை அவள் படமெடுத்துக்கொண்டாள். காலை ஏழு மணி, மாலை ஏழு மணி, வலிப்பு மருந்து, ஐந்து மில்லி. ஒரு வேளைகூட விடாமல் டிக். அதைப் பார்த்துத் தலையாட்டினாள். லோஷினி அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, பேனாவைப் பிடுங்கித் தன் முட்டியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் திருச்செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை.

வீடியோவில் ஒரு தோட்டக் கோயில். மெலிந்த இளம்பெண் ஒருத்தி கையில் துணி சுற்றிய சிசு. எதிரே தனலெட்சுமி, பட்டுப்புடவையில். தனலெட்சுமி ஒரு சிவப்புத் துணிப்பையை அவளிடம் கொடுக்கிறாள். பை கனமாக இருக்கிறது. பூசாரி சொல்லிக்கொடுக்க, அந்தப் பெண் அழுதுகொண்டே சொல்கிறாள்:

"பிள்ளைய வித்துட்டேன். வித்துட்டேன். வித்துட்டேன்."

தனலெட்சுமி சிசுவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சொல்கிறாள்:

"வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டேன்."

"இனிமே இது எங்க பிள்ளைலா!" என்று திருச்செல்வத்தின் குரல். யாரோ கைதட்டுகிறார்கள். படம் நின்றுவிட்டது.

ஷஹீரா லோஷினியின் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, மூடியைப் போட்டாள்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"யோகேஸ்வரி மேடம். பிள்ளையோட அம்மா" என்றாள் தனலெட்சுமி.

"அந்தப் பையில என்ன?"

"தவிடு மேடம்."

"தவிடா?"

"ஒரு படி தவிடு. கோழிக்குப் போடுவாங்களே, அரிசித் தவிடு. அது ஒரு சாங்கியம் மேடம். அவளுக்கு முதல் ரெண்டு பிள்ளையும் தங்கல. மூணாவது தங்கணும்னா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்குத் தவிட்டுக்கு வித்துடணும். அப்போ எமன் வந்து பார்த்தாலும், இது அவ பிள்ளை இல்லைன்னு போயிடுவான்னு ஒரு நம்பிக்கை. வித்துட்டு, அங்கேயே திருப்பி வாங்கிக்குவாங்க. நான் அஞ்சு நிமிசத்துல திருப்பிக் கொடுத்துட்டேன் மேடம்."

"திருப்பிக் கொடுத்தது வீடியோவுல இல்லையே."

தனலெட்சுமி கணவனைப் பார்த்தாள். திருச்செல்வம் தரையைப் பார்த்தார்.

"அந்த நேரம் பார்த்துப் பூசாரி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாரு மேடம். பிரசாதம்... ரெண்டு கையிலயும் வாங்கணும்லா. போனைப் பாக்கெட்ல போட்டுட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருக்கலாம். ஷஹீரா சிரிக்கவில்லை.

"தவிட்டுக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"அடியிலயும் தவிடுதான் மேடம்!"

"இருக்கலாம். நீங்க சொல்றது எல்லாமே உண்மையா இருக்கலாம். ஆனா தத்தெடுக்கறதுக்குப் பதிலா எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அது சட்டம். நான் பார்த்துட்டேன். பார்த்ததை எழுதாம விட முடியாது." அவள் எழுந்தாள். "புதன்கிழமை காலையில பத்து மணிக்கு யோகேஸ்வரிய என் ஆபீசுக்குக் கூப்பிடறேன். நீங்களும் வாங்க. அவங்ககிட்ட நான் தனியாப் பேசணும். அதுவரைக்கும் நீங்க அவங்களுக்குப் போன் பண்ணக் கூடாது. சொல்லிக்கொடுத்து வந்த பேச்சுன்னு எனக்குத் தோணிச்சுன்னா, அது உங்களுக்குத்தான் கஷ்டம்."

"அவ வரலைன்னா மேடம்?"

ஷஹீரா செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"பிள்ளைய வித்திருக்கலாம்னு சந்தேகம், அப்படித்தான் எழுத வேண்டிவரும். விசாரணை முடியறவரைக்கும் லோஷினி அரசாங்கக் குழந்தைகள் இல்லத்துலதான் இருக்கணும்."

கார் கிளம்பிப் போயிற்று. மைலோ மேசையில் ஆறிக்கிடந்தது.

"தனம்..." என்று ஆரம்பித்தார் திருச்செல்வம்.

"வாயத் திறந்தீங்க, கொன்னுடுவேன்."

அவர் திறக்கவில்லை. ஆனால் அரைமணி நேரம் கழித்து அடுப்படிக்குப் பின்புறம் துணி காயும் இடத்தில் கைப்பேசியைக் காதில் வைக்கப் போனவரைத் தனலெட்சுமி கையும் களவுமாகப் பிடித்தாள்.

"யாருக்கு?"

"யோகேசுக்குத்தான். ஒரே ஒரு வார்த்தை. பையில தவிடு மட்டும்தான்னு சொல்லிடு, அவ்வளவுதான்."

"அவளுக்குத் தெரியாதா பையில என்னன்னு? நீங்க சொல்லி அவ சொன்னா உண்மையும் பொய்யாயிடும். கொடுங்க இங்க."

அவருடைய கைப்பேசி, அவளுடையது, இரண்டையும் வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். வேலைக்குப் போகும்போது மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. திருச்செல்வம் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். தனலெட்சுமி அங்கே ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்குபவள். ஆனால் அன்று லோஷினிக்கு ஊட்டிய சோற்றில் உப்புப் போட மறந்திருந்தாள்.

பதினாறு வருடம் பிள்ளை இல்லை. பண்டார் தெங்காரா பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டக் கோயிலில் வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்று யாரோ சொல்ல, திருவிழாவுக்குப் போனார்கள். அங்கே பூசாரி அவர்களைக் கைகாட்டி, "இவங்க வெளியூரு, இவங்க வாங்கட்டும்" என்றார். சிசுவுக்கு அப்போது நாற்பது நாள். யோகேஸ்வரி அந்தத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள், இருபத்திரண்டு வயது. ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளை தனலெட்சுமி மார்பில் கிடந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறியவள், மாசாய் வரும்வரை முந்தானையில் ஒட்டியிருந்த பால் வாசனையை முகர்ந்துகொண்டே வந்தாள்.

சாங்கியம் பாதிதான் பலித்தது. பிள்ளை தங்கியது. நான்காம் மாதம் யோகேஸ்வரியின் கணவன் வசந்தன் மோட்டார்சைக்கிள் விபத்தில் போய்விட்டான். ஐந்தாம் மாதம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு லாரி பிடித்துப் போவதற்குள் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே கதை. ஏழாம் மாதம், கோயிலில் வாங்கிவைத்திருந்த எண்ணில் யோகேஸ்வரி போன் செய்தாள்.

"அக்கா, உங்க வீட்லருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"இருவது நிமிசம்டா. ஏன்?"

"இருவது நிமிசம்" என்று திருப்பிச் சொன்னாள் யோகேஸ்வரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கிளினிக் புத்தகத்தையும் ஒரு பை துணியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று தனலெட்சுமி சொன்னாள். வாரத்துக்கு ஒரு முறை வீடியோ அழைப்பு. திரையில் எப்போதும் கோழிகள் குறுக்கே ஓடும். லோஷினி அவளுக்கு வைத்த பெயர் கோழிம்மா.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. தனலெட்சுமி மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி அளந்து, லோஷினியின் கன்னத்தோரம் வைத்து மெல்ல அழுத்தினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து விழுங்கியது.

அரிசி டின் மணியடித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது தனலெட்சுமியுடையது. அரிசியை உதறி எடுத்தாள். திரையில் பெயர்: யோகேஸ்வரி.

"எடுக்காதே தனம்! மேடம் சொன்னாங்கல்ல?"

"பண்ணக் கூடாதுன்னுதானே சொன்னாங்க."

"அலமாக்! அது ரெண்டும் ஒண்ணுதானே!"

ஐந்து முறை அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓர் இளம்பெண், கணவன் இல்லாதவள், அரசாங்க ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பயந்துபோய் அடிக்கிறாள். தனலெட்சுமி எடுத்துவிட்டாள்.

"அக்கா! கெபாஜிகான் ஆபீஸ், அந்த நல இலாகாவுலருந்து நாளைக்கு வரச் சொல்றாங்க. கோயில் வீடியோவப் பத்தின்னு சொன்னாங்க. என்னக்கா? நான் என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன்."

அப்படியே சொல்லிவிடுவாள். தனலெட்சுமிக்குத் தெரியும். ஒரு வரி போதும். 'பிள்ளை எனக்கு வேணாம், அவங்களே வச்சிக்கட்டும்னு சொல்லிடு.' நாக்கு நுனியில் நின்றது. திருச்செல்வம் எதிரே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். சொல்லிவிடு என்றா, வைத்துவிடு என்றா, அவருக்கே தெரியவில்லை.

"யோகேஸ், கேளு. நான் உன்கூடப் பேசக் கூடாது. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வைக்கிறேன். நடந்ததை நடந்த மாதிரியே சொல்லு. எனக்காக ஒண்ணும் கூட்டாதே, ஒண்ணும் குறைக்காதே. அப்புறம்..." லோஷினியைத் திரும்பிப் பார்த்தாள். "பிள்ளை திரும்ப வேணும்னு கேட்க உனக்கு இன்னும் உரிமை இருக்கு. உன் மனசுல அது இருந்துச்சுன்னா, அதையும் சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லோஷினி வந்து, தன் வாயைத் துடைத்த ஈரத் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

புதன்கிழமை மழை கொட்டியது.

பத்து மணி. நல இலாகா அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். லோஷினி மூன்று நாற்காலிகளை ரயிலாக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்தரை. பதினொன்று. யோகேஸ்வரியைக் காணோம். ஷஹீரா இரண்டு முறை வெளியே வந்து பார்த்தாள். அவளே போன் செய்தாள். தொடர்பு கிடைக்கவில்லை.

"அவ வர்ற கோத்தா திங்கி ரோட்ல வெள்ளம்னு சொல்றாங்க மேடம்" என்றார் திருச்செல்வம். "வேன்காரங்க குரூப்ல வந்துச்சு. வேணும்னா நான் போய்..."

"நீங்க எங்கயும் போகக் கூடாது சார்."

பதினொன்றரை. ஷஹீரா கையில் ஒரு கோப்போடு மறுபடி வந்தாள். இந்த முறை அவள் தனலெட்சுமியைப் பார்க்கவில்லை, லோஷினியைப் பார்த்தாள். தனலெட்சுமி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் சட்டையில் பூப்படம் போட்ட பொத்தான் ஒன்று திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டாள். ஏற்கெனவே போட்டிருந்த அடுத்த பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள்.

வாசல் கதவு தடாலென்று திறந்தது.

முழங்கால்வரை சேறு. தோட்டத்து ரப்பர் பூட்ஸ். தலைமேல் உர மூட்டையின் பிளாஸ்டிக் உறை. இரண்டு கையிலும் பத்திரமாக ஏந்திய ஒரு தட்டு முட்டை.

"சாரி மேடம்! ரோடு மூடிட்டாங்க. டிராக்டர்ல பாதி, குளாய் டவுன் வழியா பஸ்ல பாதி. போன் நனைஞ்சு செத்துப்போச்சு. முட்டை மட்டும் ஒண்ணுகூட உடையல!"

"கோழிம்மா!" என்று கத்தினாள் லோஷினி.

யோகேஸ்வரி முட்டைத் தட்டைத் திருச்செல்வத்தின் கையில் திணித்துவிட்டு, ஷஹீராவின் பின்னால் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாற்பது நிமிடம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அழுகை. பிறகு, தனலெட்சுமியின் காது பொய் சொல்லவில்லை என்றால், ஒரு சிரிப்பு. யோகேஸ்வரியின் சிரிப்பு அல்ல.

"தனலெட்சுமி, உள்ள வாங்க."

யோகேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷஹீராவின் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ஒரு கேள்வி. நீங்க இவங்ககூடப் போன்ல பேசினீங்களா?"

இல்லை என்றால்? யோகேஸ்வரி என்ன சொன்னாளோ? தனலெட்சுமி யோகேஸ்வரியைப் பார்க்காமல், நேரே ஷஹீராவைப் பார்த்தாள்.

"பேசினேன் மேடம். நேத்து ஏழு மணிக்கு. அவதான் அடிச்சா. எடுத்தது என் தப்பு."

"என்ன சொன்னீங்க?"

சொன்னாள். கடைசி வரியையும் விடவில்லை. ஷஹீரா தன் முன்னாலிருந்த தாளைத் திருப்பி வைத்தாள். அதில் யோகேஸ்வரி சொன்னது எழுதியிருந்தது. அதே வார்த்தைகள்.

"இதைத்தான் அவங்களும் சொன்னாங்க. முதல்ல சொன்னதே இதுதான். நான் கேட்கவே இல்ல." ஷஹீரா பெருமூச்சு விட்டாள். "சொல்லிக்கொடுத்த பேச்சான்னு பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்ல."

"மேடம்கிட்ட நான் கேட்டேன்க்கா" என்றாள் யோகேஸ்வரி. "ஒரு படி தவிட்டுக்கு எவளாச்சும் பிள்ளைய விப்பாளா மேடம்? அடியில என்ன இருந்துச்சுன்னு கேக்கறாங்க. கோழியத்தான் கேக்கணும், அதுங்கதானே தின்னுச்சு!"

அந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது புரிந்தது.

"இன்னொண்ணு" என்று ஷஹீரா கோப்பைத் திறந்தாள். லோஷினியின் கிளினிக் புத்தகத்தின் நகல். "இதை நான் இன்னிக்குக் காலையிலதான் தேதி வச்சுப் பார்த்தேன். வீடியோவுக்கு அப்புறம் ஆறு மாசம் தோட்டத்துப் பக்கத்துக் கிளினிக்ல எடை பார்த்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தது தாயார்னு நர்ஸ் எழுதியிருக்காங்க. வித்த பிள்ளைய ஆறு மாசம் யாரும் மடியில வச்சிருக்க மாட்டாங்க. வீடியோவும் ரிப்போர்ட்ல இருக்கும், இதுவும் இருக்கும். நான் என்ன நினைக்கிறேன்னும் எழுதுவேன். முடிவு நீதிபதியோடது."

"அப்போ பிள்ளை..."

"பிள்ளை வேணுமான்னு கேட்டேன். அவங்களே சொல்லட்டும்."

யோகேஸ்வரி சேற்றுப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வேணும்க்கா. ஏன் வேணாம்? தினமும்தான் வேணும். ஆனா எனக்கு அது உயிரோட வேணும். அந்த அட்டவணைய மேடம் காட்டினாங்க, டிக் டிக்கா. ஒண்ணுகூட விடல நீங்க. என்னால அப்படி முடியாதுக்கா, மழை வந்தா டிராக்டருக்கு நிக்கறவ நான். அவளுக்கு நீங்கதான் அம்மா. எனக்குக் கோழிம்மா போதும்."

தனலெட்சுமி நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் மேடையில் மாலை போடும்போது சொல்வது போல இருந்தது. சொல்லவில்லை. எட்டி யோகேஸ்வரியின் தலையிலிருந்து அந்த உர மூட்டை உறையை எடுத்து, ஈரமான முடியைத் தன் துப்பட்டாவால் துவட்டத் தொடங்கினாள். ஷஹீரா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் எல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. நீதிபதி அறிக்கையின் ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தவிடு?" என்று மலாயில் ஷஹீராவைக் கேட்டார். அவள் விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, யோகேஸ்வரியிடம் சம்மதத்தை மறுபடி ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் திருச்செல்வம் உற்சாகம் தாங்காமல் கைப்பேசியை எடுத்தார்.

"போனை உள்ள வைங்க!"

மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். காவலாளி திரும்பிப் பார்த்தார். ஷஹீரா அவர்கள் கண்ணெதிரே முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "நான் கிளம்பறேன்க்கா" என்றாள். அந்த 'அக்கா' தனலெட்சுமிக்கு வீடு வரும்வரை காதில் இருந்தது.

அன்று யோகேஸ்வரி மாசாயில் தங்கினாள். மாலை ஏழு மணி. தனலெட்சுமி மருந்துப் புட்டியையும் சிரிஞ்சையும் எடுத்துவந்து அவளிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீ கொடு."

"நானா? ஐயோ, கை நடுங்கும்க்கா!"

"நடுங்கட்டும். அஞ்சு மில்லி. கன்னத்தோரம் வச்சு மெதுவா."

யோகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தாள். லோஷினி குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. யோகேஸ்வரி எழுந்துபோய், அட்டவணையில் இன்றைய கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மற்ற டிக்குகளைவிட இரண்டு மடங்கு பெரியது.

அடுப்படி வாசலில் திருச்செல்வம் கைப்பேசியைப் பிடித்தபடி, திட்டு விழுமோ என்ற பயத்தோடு நின்றிருந்தார்.

தனலெட்சுமி அவரைப் பார்த்தாள்.

"எடுங்க. ஆனா இந்தத் தடவை முழுசா எடுங்க. இங்க யாரும் பொங்கல் கொடுக்கப் போறதில்ல."